மூன்றாவது கடிகாரம்

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காக எழுத உட்கார்ந்த இடத்தில் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை. எங்கள் நகரம் நான்காவது முறையாக ஒரு சர்வதேச விளையாட்டுப் போட்டியை நடத்த விண்ணப்பிக்கிறது. விண்ணப்பத்தோடு வழவழப்பான தாளில் ஒரு மலரும் போக வேண்டுமாம். முன்பு நடத்திய மூன்று போட்டிகளின் வரலாற்றை அறுபது பக்கத்தில் எழுதித் தர ஆள் தேடினார்கள். மாலைப் பத்திரிகையில் முப்பது வருடம் விளையாட்டுச் செய்தி எழுதி ஓய்வுபெற்று, வீட்டில் செய்தித்தாளில் பிழை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கூப்பிட்டார்கள், போனேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை இது. ஆண்டி நான்தான்.

ஐம்பத்தொன்பது பக்கம் முடிந்துவிட்டது. நாற்பத்தேழாம் பக்கம் மட்டும் பாக்கி. அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய படம், படத்துக்குக் கீழே ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஓர் எண். அவ்வளவுதான். அந்த எண்ணை எழுத முடியாமல்தான் உங்களிடம் கதை சொல்ல வந்திருக்கிறேன்.

2

மலருக்கு மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'விளையாட்டின் தொட்டிலாம் நம் எழில்மிகு மாநகர்...' [மலர்க்குழுச் செயலாளருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: 'விருந்தாளி வருகிறார் என்றால் வீடு படும் பாட்டைத்தான் ஊரும் படுகிறது. முதல் போட்டியின்போது ரயில் நிலையத்திலிருந்து மைதானம் வரை சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். பேருந்து ஜன்னல் வழியே தெரிகிற உயரம் வரைதான் அடித்தார்கள். அதற்கு மேலே பழைய சுவர் அப்படியே...' [செயலாளர் சிவப்புப் பேனாவால் ஒரே கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். இத்தனைக்கும் அவ்வளவும் உண்மை.]

மூன்றாவது: 'துப்பாக்கி வெடித்தபோது என் அக்கா மேல்படியில்'

மூன்றாவது வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. எடுத்துப் போடவும் மனம் வரவில்லை. அக்காவை மலருக்குள் கொண்டுவரும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. அவளாக வந்துவிட்டாள்.

3

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்கு எழுதியதை இலவசமாகப் படிக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் போட்டி தடகளம். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தை நிரவி மைதானம் கட்டினார்கள். வீரர்கள் தங்கக் கட்டிய கட்டடம் பிறகு நீதிமன்றமானது. இன்றைக்கும் குடும்ப வழக்குகள் விசாரிக்கிற அறையின் பின்சுவரில் வரிசையாக எட்டு ஷவர் குழாய்கள் இருக்கின்றன. விவாகரத்துக்கு வந்தவர்கள் அதன் கீழேதான் காத்திருக்கிறார்கள்.

இரண்டாவது நீச்சல், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். குளம் கட்டி, ஓடு பதித்து, அளந்து பார்த்தால் ஐம்பது மீட்டருக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. ஓடு பதித்த கனத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பக்கச் சுவரின் ஓடு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு மெல்லிய ஓடாகப் பதித்தார்கள். நீளம் என்றால் எங்கள் ஊர் அவ்வளவு கறார். நேரத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மூன்றாவது வளைகோல் பந்து, அதாவது ஹாக்கி, ஒன்பது வருடத்துக்கு முன்னால். எல்லா நாளும் மழை. அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று போட்டிகளிலும் சேர்த்து இந்த ஊரில் பிறந்த ஒருவர் வாங்கிய தங்கம் ஒன்றே ஒன்று. முதல் போட்டியின் பெண்கள் நூறு மீட்டர். ஓடியவளுக்கு அப்போது வயது பத்தொன்பது. நேரம் பதினொன்று புள்ளி நான்கு விநாடி. மைதானத்தின் கிழக்கு வாசலில் இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு அந்த எண்தான் பெயர். கண்டக்டர் "பதினொண்ணு நாலெல்லாம் எறங்குங்க" என்று கத்துவார். வெளியூர்க்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

4

இனி கடிகாரத்தின் சட்டம். இது தெரியாமல் கதை புரியாது.

மின்கருவி இல்லாத இடத்தில் ஓட்டத்தைக் கையால் அளப்பார்கள். முதலாவதாக வருபவருக்கு மூன்று நேரக்காப்பாளர்கள், மூன்று கடிகாரங்கள். முடிவுக்கோட்டுக்கு எதிரே படிப்படியாக ஒரு மேடை இருக்கும். அதில் ஒருவருக்கு மேல் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் நூறு மீட்டர் தள்ளித் துப்பாக்கியைச் சுடுவார். சத்தம் அவ்வளவு தூரம் வந்து சேர விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆகவே சத்தத்தை நம்பக் கூடாது. புகையைப் பார்த்ததும் அமுக்க வேண்டும். புகை பளிச்சென்று தெரிவதற்காகத் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகை வைப்பார்கள்.

ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் நேரத்தைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் பக்கத்து ஆளின் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. மூன்றும் வேறு வேறானால் நடுவில் உள்ளதை எடுப்பார்கள். இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றாவதை யாரும் ஏனென்று கேட்பதில்லை.

[இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். நான் வைக்காமல் விட்டேன்.]

5

அந்தப் பெண்கள் நூறு மீட்டர் நடந்த அன்றைக்கு மத்தியானமே மின்கருவி படுத்துவிட்டது. இறுதி ஓட்டத்தைக் கையால் அளப்பது என்று முடிவானது. என் அக்கா கணக்கு டீச்சர், பயிற்சி பெற்ற நேரக்காப்பாளர். வந்த பேருந்து வழியில் நின்றுவிட்டதால் கடைசியாக வந்து சேர்ந்தாள். கடைசியாக வருபவருக்கு மேல்படி. ஏறவும் சிரமம், வெயிலும் அங்கேதான்.

ஓட்டத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது யாரோ கறுப்புப் பலகையை எடுத்துவிட்டார்கள். அது சிறப்பு விருந்தினரை வரவேற்கும் பதாகையை மறைத்ததாம். வெள்ளைத் துணிப் பதாகை. வெள்ளைத் துணிக்கு முன்னால் வெள்ளைப் புகை. கீழ்ப்படிகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் அமுக்கினார்கள். அக்கா உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து பார்த்தால் பதாகைக்கு மேலே மரங்கள் தெரிந்தன. மரத்தின் கருமையில் அவளுக்குப் புகை தெரிந்தது.

சீட்டுகளைப் பிரித்தார்கள். பதினொன்று நான்கு. பதினொன்று நான்கு. பதினொன்று ஏழு.

தலைமை நேரக்காப்பாளர் மூன்றாவது சீட்டைப் பார்த்துச் சிரித்தாராம். மறுநாள் கறுப்புப் பலகை தன் இடத்துக்கு வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல.*

* பலகையை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு நாகரிகமாக எழுதியிருக்க மாட்டேன்.

6

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுக் கதையை எழுத மூன்று நாள் முயன்றேன். தவிர்த்தால் கதை நிற்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, பத்திரிகைக்குப் புதுசு. ஓட்டம் முடிந்த மாலையே பெட்டிச் செய்தியாக ஒரு வேடிக்கைத் துணுக்கு எழுதினேன். தலைப்பு 'தூங்கிய கடிகாரம்'. ஊரே எழுந்து நின்று கைதட்டுகையில் ஒரே ஒரு கடிகாரம் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததாகவும், அதன் சொந்தக்காரரை 'லேட்டக்கா' என்று அழைக்கலாமென்றும் எழுதினேன். அது என் சொந்த அக்கா என்பதை எழுதவில்லை. அவள் கோபப்பட மாட்டாள், சிரிப்பாள் என்று நினைத்தேன். அந்த வயதில் எல்லாரும் என் நகைச்சுவையை ரசிப்பார்கள் என்றொரு நம்பிக்கை எனக்கு இருந்தது.

பெயர் ஒட்டிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆசிரியர் அறையில் லேட்டக்கா. மாணவிகளுக்கு லேட்டக்கா. அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் அவளை நேரக்காப்பாளராக யாரும் கூப்பிடவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே போனாலும் அரைமணி நேரம் முன்னதாகப் போய்விடுவாள். என் மகள் கல்யாணத்தன்று மண்டபம் திறப்பதற்கு முன்பே வந்து வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மைதானப் பக்கம் போக நேர்ந்தால் 'பதினொன்று நான்கு' நிறுத்தத்தில் இறங்க மாட்டாள். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பாள். முழங்கால் வலியோடு நடப்பாள்.

இதையெல்லாம் நான் கவனித்ததே இந்த வருடம்தான். வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல சொல்லாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

7

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது இப்படி. மலருக்குப் படம் கேட்டு விளம்பரம் கொடுத்திருந்தோம். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் மகள் ஒரு பழைய நாடாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவள் அப்பா முடிவுக்கோட்டுக்கு நேர் மேலே, கடைசி வரிசையில் நின்று அந்த ஓட்டத்தைப் படம் பிடித்திருக்கிறார். நாடாவில் புகை தெரிகிறது. பிறகுதான் சத்தம் கேட்கிறது. அதற்குள் பெண்கள் கிளம்பிவிட்டார்கள்.

விநாடிக்கு இருபத்தைந்து படம். புகையிலிருந்து முடிவுக்கோடு வரை ஒவ்வொன்றாக எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வகுத்தால் பதினொன்று புள்ளி ஆறு எட்டு. கையால் அளந்தால் பதினொன்று ஏழு. நம்பாமல் அக்காவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினாள். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இருநூத்தித் தொண்ணூத்திரண்டு," என்றாள். "நான் அன்னிக்கே எழுதிக் குடுத்தேனேடா."

இவ்வளவுதான் சொன்னாள். நான் ஒரு நல்ல பதில் எழுதிப் பார்த்தேன். நிஜத்தில், மலரில் சரியான எண்ணைப் போடுவதாக மட்டும் சொன்னேன். அப்படியானால் போடு என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் முன்னதாகவே பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர். அந்த எண்ணை நம்பித்தான் விண்ணப்பத்தின் சின்னமே வரைந்திருக்கிறார்களாம். "சார், உங்கள வரலாறு எழுதத்தான் கூப்பிட்டோம். விசாரணைக் கமிஷன் நடத்தக் கூப்பிடல," என்றார். பிறகு, ஓடிய அம்மாவே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று பந்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

8

ஓடிய அம்மா இப்போது மைதானத்தை ஒட்டிய பெண்கள் விளையாட்டு விடுதியின் வார்டன். வயது ஐம்பத்தேழு. அவரைச் சந்திக்கப் போவதற்கு முன்னாலேயே இந்தக் கதைக்கு முடிவுகளை எழுதிவிட்டேன். பத்திரிகைப் பழக்கம். ஆட்டம் முடிவதற்குள் செய்தி தயாராகிவிடும்.

முடிவு அ: உண்மை அச்சாகிறது. அக்கா நிமிர்ந்து நடந்து 'பதினொன்று நான்கு' நிறுத்தத்தில் இறங்குகிறாள். வார்டன் ஜன்னலோரம் நின்று சத்தமில்லாமல் அழுகிறார். [கதைகளில் ஜன்னல் வைப்பதே அழுகிறவர்கள் நிற்பதற்குத்தான்.]

முடிவு ஆ: பழைய எண்ணே அச்சாகிறது. அக்கா மன்னித்துவிடுகிறாள். [எழுதும்போதே கை கூசியது. அவள் சார்பில் மன்னிக்க நான் யார்?]

முடிவு இ: எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் உண்மை. [முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அச்சுத் தொழிலில் இதுதான் பெயர்.]

மூன்றையும் இப்போது படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. மூன்றிலும் வார்டன் வெறும் பொம்மை. அவரிடம் இருப்பது ஓர் எண், அதை நான் பிடுங்கப் போகிறேன், அல்லது பிடுங்காமல் விடப் போகிறேன். அந்த எண் அவரை என்ன செய்தது என்று ஒருமுறைகூட நான் யோசிக்கவில்லை.

9

மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது அக்கா ஏற்கெனவே விடுதி வாசலில் இருந்தாள். தானும் வருவதாக அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசைகள், ஒரு தொலைக்காட்சி. சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பில் 11.4. பயிற்சிக்குப் போகும் பெண்கள் அதைத் தொட்டுவிட்டுப் போவதால் நான்கின் கால் மட்டும் தேய்ந்திருந்தது. வார்டன் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானா அந்த ஏழு?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டினாள். அன்றைய முடிவுத்தாளில் மூன்று எண்களையும் அவர் பார்த்திருக்கிறார். முப்பத்தெட்டு வருடமாக அந்த ஏழு அவருக்கும் நினைவிருந்திருக்கிறது. இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை.

நாடாவைப் போட்டுக் காட்டினேன். பதாகை, கறுப்புப் பலகை, இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த ஆறுதல் வார்த்தைகளையும் தயாராக வைத்திருந்தேன். அவர் அழவில்லை. ஜன்னல் பக்கமும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு, வேற ஊர்ல, நான் பதினொண்ணு ஆறு ஓடினேன். ரெண்டாவதா வந்தேன். அது?"

"அங்க மிஷின் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப அது சரியான ஆறுதான்," என்றாள் அக்கா.

வார்டன் மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அந்த மூன்று வருடமும் ஏழு, ஏழு, எட்டு, ஏழு என்றுதான் ஓடியிருக்கிறார். பத்தொன்பது வயதில் உச்சம் தொட்டு இருபதில் முடிந்துபோனவள் என்று பயிற்சியாளரே சொல்லியிருக்கிறார். பத்திரிகைகளும் எழுதின. [நானும் எழுதினேன். தேடிப் பார்த்துவிட்டேன்.] நான்கைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு வேளைப் பயிற்சியை மூன்று வேளையாக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அந்த ஆறு ஓடிய மாலையில் அறைக்குப் போய் அழுதுவிட்டு ஓட்டக் காலணியைக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார். பிறகு ஓடவே இல்லை.

"அப்ப நான் கொறையவே இல்லையா?" என்று கேட்டார். "அந்த ஆறுதான் என்னோட நல்ல ஓட்டமா? அன்னிக்குப் போயா அழுதேன்?"

அக்கா கையை நீட்டி அவர் கையின்மேல் வைத்தாள். எனக்குத் தெரிந்து அக்கா யாரையும் அப்படித் தொட்டதில்லை.

10

இத்தோடு முடித்திருந்தால் நல்ல முடிவு. ஆனால் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

படத்தை எண்ணியது இருக்கட்டும், தன் ஓட்டத்தைத் தானே ஒருமுறை அளக்க வேண்டும் என்றார் வார்டன். பயிற்சியாளர் அறையிலிருந்து இரண்டு கடிகாரம் கொண்டுவந்தார். அக்கா கைப்பையைத் திறந்து தன் பழைய கடிகாரத்தை எடுத்தாள். அதற்கு இன்னமும் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குச் செய்தி. ஆக மூன்று பேர், மூன்று கடிகாரம், மூன்று துண்டுச் சீட்டு. சட்டத்தை அக்கா சொன்னாள். எழுதும்வரை பக்கத்துக் கையைப் பார்க்கக் கூடாது.

நாடாவை ஓடவிட்டேன். வெள்ளைத் துணிக்கு மேலே, மரங்களின் கருமையில், ஒரு சின்னப் புகை. அமுக்கினேன். அப்புறம் சத்தம். என் பக்கத்தில் யார் எப்போது அமுக்கினார்கள் என்று பார்க்கவில்லை, கேட்கவும் முயலவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் கோட்டைத் தாண்டினாள், கூட்டம் எழுந்தது, நாடா கரகரத்து நின்றது. மூவரும் எழுதி மடித்தோம்.

என் சீட்டைப் பிரித்தேன்: பதினொன்று ஏழு. முப்பத்தெட்டு வருடம் தாமதமாக எழுதியிருக்கிறேன். லேட்டு யார் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அக்கா தன்னுடையதைப் பிரித்தாள்: பதினொன்று ஏழு.

இரண்டு ஒத்துப்போய்விட்டன. சட்டப்படி மூன்றாவதைப் பார்க்கத் தேவையில்லை. நான் நாடாவை வெளியே எடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவங்களோடதையும் பாருடா. அன்னிக்கு என்னோடத யாரும் ஏன்னு கேக்கல."

வார்டன் தன் சீட்டை மடித்தபடியே என்னிடம் நீட்டினார். கூடவே, செயலாளருக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'பெட்டியில் இவர் எந்த எண்ணைப் போட்டாலும் எனக்குச் சம்மதம்' என்றிருந்தது அது.

"மொதல்ல நீங்க எழுதுங்க," என்றார். "எழுதினதுக்கப்புறம் என் சீட்டைப் பிரிங்க. அதானே ரூல்?"

அவர் புகைக்கு அமுக்கினாரா, சத்தத்துக்கு அமுக்கினாரா என்பது எனக்குத் தெரியாது. தன் வாழ்வின் ஒரே தங்கத்தோடு ஊர் ஒட்டிவைத்த எண்ணை வைத்துக்கொள்ள விரும்பினாரா, மூன்று வருடம் கழித்து ஓடிய அந்த ஆறைத் திரும்பப் பெற விரும்பினாரா என்பதும் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. நான் அவருடைய இடத்தில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஏதாவது...

இல்லை. பக்கத்துக் கையைப் பார்க்கக் கூடாது.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். நாற்பத்தேழாம் பக்கம் மேசைமேல் இருக்கிறது. பெட்டி இதோ:

[            ]

புகையைப் பற்றி உங்களுக்குத் தெரியும், சத்தத்தைப் பற்றியும் தெரியும். எனக்குத் தெரிந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும். எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு கேளுங்கள், தருகிறேன். அவருடைய சீட்டு என் சட்டைப் பையில் மடித்தபடி இருக்கிறது.